உயர்மலை ஏரியின் நிறமும் கூடார ஜிப்பும்

காஷ்மீரின் உயர்மலை ஏரிகள் காலையில் கரும்பச்சையாகவும், நடுப்பகலில் நீலமாகவும், மாலையில் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு நிறத்திலும் தோன்றுவதன் காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உயர்மலை ஏரி என்பது, மரங்கள் வளரக்கூடிய எல்லைக்கு மேலே, பழங்காலப் பனியாறு பாறையைக் குடைந்து விட்டுச்சென்ற பள்ளத்தில் உருகிய பனிநீர் தேங்கி உண்டாவது. காஷ்மீரில் அந்த மர எல்லை ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில், பூர்ஜம் எனப்படும் வெண்பட்டை மரத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் புல், பாறை, பனி, மலைநடைக்கு வந்தவர்கள் ஆகிய நான்கு மட்டுமே உண்டு. இவற்றுள் முதல் மூன்றும் நள்ளிரவில் பிறர் உறக்கத்தைக் கெடுப்பதில்லை என்பதால், நிறத்தின் காரணத்துக்குச் செல்லுமுன் நான்காவதைப் பற்றிச் சிறிது கூறிவிடுவது அவசியமாகிறது.

சோனமார்கில் தொடங்கி நாராநாகில் முடியும் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் மலைப்பாதை, விஷன்சார், கிருஷன்சார், கட்சார், சத்சார், நந்த்கோல், கங்காபல் ஆகிய ஏரிகளைத் தொட்டுச் செல்கிறது. இடையே 4,000 மீட்டருக்கு மேற்பட்ட நிச்னாய்க் கணவாயையும், அதனினும் உயர்ந்த கட்சார்க் கணவாயையும் ஏறி இறங்க வேண்டும். பனி விலகியிருக்கும் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் மட்டுமே நடக்க இயலும் இப்பாதைக்குச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் தமிழர்கள் திரளாக வந்து சேர்கின்றனர். எதற்காக வந்தீர்கள் என்று கேட்டால், கணினியின் முன் அமர்ந்து முதுகு வளைந்த அந்த நல்லவர்கள், 'அமைதிக்காக' என்று ஒரே குரலில் விடையளிப்பர். அந்த அமைதியைத் தாங்களே உடன் கொண்டுவந்த கருவிகளைக் கொண்டு விடியும் வரை கிழித்துக்கொண்டிருப்பதை அவர்கள் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை.

இந்நிலை எப்போதும் இருந்ததன்று. கங்காபல் ஏரிக்கு மேலே நிற்கும் ஹர்முக் என்னும் 5,142 மீட்டர் உயர மலையில் 1856-ஆம் ஆண்டில் ஏறிய தாமஸ் மாண்ட்கோமரி என்ற அளவையாளர், அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் தெரிந்த காரகோரத்தின் இரு சிகரங்களைக் குறித்துக்கொண்டு அவற்றுக்குக் கே1, கே2 என்று எண்ணிட்டார். உலகின் இரண்டாவது உயரமான சிகரம் இன்றும் அந்த எண்ணோடுதான் நிற்கிறது. அவரை அங்கே அனுப்பிய பெரும் முக்கோண அளவைப் பணி, 1802-ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்ப்டன் நிலத்தில் சங்கிலி பிடித்து அளந்ததில் தொடங்கியது என்பது தமிழர் பெருமை கொள்ளத்தக்க செய்தி. ஆயினும் இங்கே கவனிக்க வேண்டியது வேறு. அக்காலக் கூடாரங்களின் வாயில்கள் கயிற்றாலும் பித்தானாலும் கட்டப்பட்டன. ஜிப் எனப்படும் பற்பூட்டின் முன்னோடியை அமெரிக்கரான விட்கம் ஜட்சன் காப்புரிமை பெற்று வெளியிட்டது 1893-இல். இன்று காணும் வடிவத்துக்கு அதைக் கிடியன் சண்ட்பேக் கொண்டுவந்தது 1913-இல். ஆகவே கே2 ஜிப் இல்லாத உலகில் அளக்கப்பட்ட சிகரம். அளவைப் பணியாளர்கள் இரவில் நன்றாகத் தூங்கியிருப்பர். அளவு பிசகாமல் இருந்ததற்கு அதையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

மலைநடையாளரின் முதுகுப்பையையும் இவ்விடத்தில் ஆராய வேண்டும். பையைத் திறந்தால் உள்ளே ஒரு துணிக்கடைக் கவர் இருக்கும், அதனுள் மற்றொரு கவர், அதனுள் ரப்பர் பேண்ட் சுற்றிய மெல்லிய கவர், அதனுள் பருப்புப்பொடி. புளிக்காய்ச்சலுக்கு இந்தப் பாதுகாப்பு போதாது என்று கருதப்படுவதால் அது ஒரு பாட்டிலில் அடைக்கப்பட்டு, பாட்டில் ஒரு கவரில் இடப்பட்டு, கவர் ஒரு துண்டில் சுற்றப்பட்டு, அத்துண்டு இன்னொரு கவரில் வைக்கப்படுகிறது. எனவே அத்துண்டைக் கொண்டு பயணம் முழுவதும் எவரும் முகம் துடைப்பதில்லை. வழியில் அமைந்த ராணுவச் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையைக் காட்டுமாறு கேட்கும்போது, ஆதார் அட்டை இவற்றுள் எந்தக் கவரில் இருக்கிறது என்ற கேள்வி எழுகிறது. துப்பாக்கி ஏந்திய இளம் வீரர் ஒருவர், மலையேற வந்த நடுவயதுக்காரர் புல்வெளியில் மண்டியிட்டுப் பருப்புப்பொடி, மங்கிக் குல்லா, தைலப்புட்டி, வேட்டி என்று ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்குவதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். எல்லைப் பாதுகாப்பின் கடினங்களுள் இதுவும் ஒன்று.

உணவைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. உயரம் 300 மீட்டர் கூடும்தோறும் நீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறைவதால், 3,700 மீட்டர் உயரத்திலுள்ள விஷன்சார்க் கரையில் நீர் 88 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் அங்கே அரிசி எளிதில் வேகாது. குக்கரில் வெந்ததும் தமிழர்கள் அதன்மேல் பருப்புப்பொடியைத் தூவுவர். அவ்வளவுதான்.

ஜிப்பைப் பற்றிய ஆய்வை இனித் தொடங்கலாம். உயர்மலையில் மனிதர் இரவில் எழுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, காற்றழுத்தம் குறைந்த இடத்தில் உடல் வேகமாக மூச்சு வாங்குவதால் குருதியின் தன்மை மாற, அதைச் சரிசெய்யச் சிறுநீரகம் மிகுதியாக உழைக்கிறது. இரண்டாவது, மலைநோய் எனப்படும் தலைவலியும் குமட்டலும் வராதிருக்க வேண்டுமென்று வழிகாட்டிகள் நாள்தோறும் நான்கு லிட்டர் நீர் குடிக்குமாறு வற்புறுத்துகின்றனர். மூன்றாவது, அதே நோய்க்காகப் பலரும் விழுங்கும் டயமாக்ஸ் மாத்திரை இயல்பிலேயே சிறுநீரைப் பெருக்கக்கூடியது. இம்மூன்றும் ஒருங்கே கூடிய இருபது பேரை, பத்துக் கூடாரங்களில், கை நீட்டினால் அடுத்த கூடாரத்தைத் தொடக்கூடிய நெருக்கத்தில், ஏரிக்கரையில் படுக்க வைத்தால் என்ன நிகழும் என்பதைக் கணக்கிட்டுக் காண இயலும்.

ஒருவர் ஒருமுறை வெளியே போய்வருவதில் அடங்கியுள்ள ஜிப்புகளாவன: தூக்கப்பையைத் திறப்பது ஒன்று, குளிராடையை மூடுவது இரண்டு, கூடாரத்தின் உள்வாயிலைத் திறப்பது மூன்று, வெளிவாயிலைத் திறப்பது நான்கு, உள்ளே படுத்திருப்பவர் குளிர் தாங்காமல் முனகுவதால் வெளிவாயிலை மூடுவது ஐந்து, கழிப்பறைக் கூடாரத்தைத் திறப்பதும் மூடுவதும் ஆறு, ஏழு, நாகரிகம் கருதிப் பெயர் குறிப்பிடாத ஒரு ஜிப்பின் வகையில் எட்டு, ஒன்பது, கழிப்பறைக் கூடாரத்தை மீண்டும் திறப்பதும், காற்றில் அது பறந்துவிடாதிருக்க மூடுவதும் பத்து, பதினொன்று, திரும்பி வந்து வெளிவாயிலைத் திறப்பதும் மூடுவதும் பன்னிரண்டு, பதின்மூன்று, உள்வாயிலை மூடுவது பதினான்கு, குளிராடையைக் கழற்றுவது பதினைந்து, தூக்கப்பைக்குள் நுழைந்து அதை மூடுவது பதினாறு. இருபது பேரும் இரவில் இருமுறை எழுவதாகக் கொண்டால் 640 ஜிப்புகள். இரவு உணவு முடிந்து எட்டரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழும் ஒன்பது மணி நேரத்தில் இது நிமிடத்துக்கு ஒன்றைவிட அதிகம். தூக்கப்பைக்குள் நுழைந்தபின் தண்ணீர்ப் பாட்டில் வெளியே இருப்பது நினைவுக்கு வருபவர்களை இக்கணக்கில் சேர்க்கவில்லை.

எண்ணிக்கையை மன்னித்துவிடலாம்; இழுக்கும் முறையைத்தான் மன்னிக்க இயலாது. கூடார ஜிப்பில் இரு நாடாக்களின் ஓரத்திலும் நைலான் சுருளாலான நுண்பற்கள் உண்டு. தையற்கடைகளில் ரன்னர் எனப்படும் நகரும் துண்டு அப்பற்களை ஒவ்வொன்றாகக் கோக்கவும் பிரிக்கவும் செய்கிறது. ஒவ்வொரு பல்லும் பிரியும்போது சிறு ஓசை எழுகிறது. விறைப்பாக இழுத்துக் கட்டிய கூடாரத் துணி அவ்வோசையை வாங்கிப் பெருக்கிக் கொடுக்கிறது. ஜிப்பின் பற்கள் எத்தனையோ அத்தனை ஓசைகள் எழுந்தே தீரும். ஒரே இழுப்பில் இழுத்தால் அவை அனைத்தும் ஒரு நொடியில் எழுந்து அடங்கிவிடும். ஆனால் படித்த, பண்பான, பிறர் உறக்கத்தை மதிக்கக்கூடிய மலைநடையாளர் அவ்வாறு செய்வதில்லை. ஜிப்பை மெதுவாக இழுத்தால் ஓசை குறையும் என்று அவர் உறுதியாக நம்புகிறார். ஆகவே அவர் ரன்னரை இரு விரல்களால் பற்றி, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு பல்லாகப் பிரிக்கத் தொடங்குகிறார். டிக். டிக். டிக். பிறகு ஒரு நிறுத்தம். யாரேனும் விழித்துக்கொண்டார்களா என்று அவர் செவிசாய்க்கிறார். அனைவரும் விழித்துக்கொண்டனர் என்பதே உண்மை. ஆனால் விழித்தவர்கள், அவர் எப்போது முடிப்பார் என்று காத்து ஓசையின்றிக் கிடப்பதால், எவரும் விழிக்கவில்லை என்று அவர் முடிவுசெய்து மீண்டும் தொடங்குகிறார். டிக். டிக்.

டிசம்பர்க் கச்சேரியில் பாடகர் ஆலாபனையின் உச்சத்தை நெருங்கும்போது முறுக்குப் பொட்டலத்தை மெல்ல மெல்லப் பிரிக்கும் பெரியவரைக் கண்டவர்களுக்கு இவ்வேதனை புரியும். வெடுக்கென்று கிழித்துவிட்டால் ஒரு தாளக்கட்டுக்குள் முடிந்துவிடக்கூடிய குற்றத்தை, நல்லெண்ணம் ஒரு ராகம் முழுமைக்கும் நீட்டிவிடுகிறது.

மெதுவாக இழுப்பதால் விளையும் மற்றொரு கேடு, மழைநீர் புகாதிருக்க ஜிப்பின்மேல் தைத்திருக்கும் துணி மடிப்பு ரன்னரின் வாயில் சிக்கிக்கொள்வதாகும். சிக்கியதும் பண்பாளர் முதலில் முன்னால் இழுத்துப் பார்க்கிறார்; பின்னால் இழுத்துப் பார்க்கிறார்; பிறகு வெளிச்சம் வேண்டுமென்று தலைவிளக்கை, அதாவது நெற்றியில் நாடாவால் கட்டிக்கொள்ளும் சிறு மின்விளக்கை, ஏற்றுகிறார். இவ்விளக்கின் இயல்பு, அணிந்தவர் எதைப் பார்க்கிறாரோ அதன்மேல் ஒளி விழுவது. எனவே 'யாரையாவது எழுப்பிவிட்டோமோ' என்று அவர் பரிவோடு திரும்பிப் பார்க்கும்போது, அந்த யாரோ ஒருவரின் கண்ணுக்குள் நேராக ஒளி பாய்கிறது. அப்போதுதான் உலகப் புகழ்பெற்ற அக்கேள்வி பிறக்கிறது: "சார், தூங்கறீங்களா?" இதற்குத் தமிழ்ப் பண்பாட்டில் ஒரே ஒரு விடைதான் உண்டு: "இல்ல சார், சொல்லுங்க."

இந்த உரையாடலின் முடிவில் இருவருமாகச் சேர்ந்து ஜிப்பை அசைக்க, கூடாரம் முழுதும் குலுங்குகிறது. உள்ளே உறங்குவோரின் மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த துணியின் உட்புறத்தில் படிந்து, நுண்ணிய நீர்த்துளிகளாகக் கோத்து நிற்பது இயற்கை. குலுக்கலில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து, துணியின் மடிப்பு வழியே வரிசையாக உருண்டு வந்து, தூக்கப்பையில் முகம் மட்டும் வெளியே தெரியப் படுத்திருப்பவரின் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் விழுகின்றன. அந்த நீர் நான்கு டிகிரி குளிரில் இருக்கும். அது தம்முடைய மூச்சா, பக்கத்தில் படுத்திருப்பவருடைய மூச்சா என்ற ஐயம் விடியும் வரை நீங்காது.

சென்ற ஆகஸ்டு மாதம் விஷன்சார்க் கரையில் இவையனைத்தும் நேர்முகமாகக் கண்டும் கேட்டும் உறுதிசெய்யப்பட்டன. இதை எழுதுபவர் அந்த ஆய்வுக் குழுவில் விருப்பமின்றி இடம்பெற்றவர். காதில் பஞ்சு அடைத்துக்கொள்ளும் முறை சோதிக்கப்பட்டது, உயரத்தில் இதயம் வேகமாகத் துடிப்பதால், வெளியோசை அடங்கியதும் உள்ளோசை பறைபோல் கேட்கத் தொடங்கிற்று, பஞ்சு நீக்கப்பட்டது. பிறர் ஜிப்பைக் கண்டிக்கும் ஒருவர் தாமே ஜிப்பை இழுப்பது முறையன்று என்னும் கொள்கையின் பொருட்டு, இதை எழுதுபவர் நள்ளிரவிலிருந்து விடியல் வரை எழாமல் அடக்கிக்கொண்டு கிடந்தார். முகம் கோணிய நிலையில் கிடந்த அவரைக் கண்ட பக்கத்துப் படுக்கைக்காரர், அது கொள்கை என்பதை உணராமல், மலைநோய் என்று முடிவுகட்டி, அதிகாலை மூன்று மணிக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினார். அப்பொட்டலம் மருந்துப் பையில் இருந்தது. மருந்துப் பைக்கு ஜிப் இருந்தது. அதை அவர் மெதுவாகத் திறந்தார்.

ஏரிக்கு அப்பால், அதே இரவில், பக்கர்வால்கள் எனப்படும் ஆடு மேய்க்கும் மக்கள் உறங்கிக்கொண்டிருந்தனர். கோடை தோறும் ஜம்மு தாழ்நிலங்களிலிருந்து ஆடு, குதிரை, குழந்தை குட்டிகளோடு நடந்தே இம்மேய்ச்சல் நிலங்களுக்கு வரும் அவர்கள், மரத்தண்டையும் மண்ணையும் அடுக்கிய தாழ்ந்த குடில்களிலும், கம்பின்மேல் தார்ப்பாய் விரித்த கூரைகளின் கீழும் தங்குகின்றனர். இவற்றுக்குக் கதவு என்பது தூக்கினால் திறப்பதும் விட்டால் மூடுவதுமான ஒரு துணி. மலைநடையாளரின் மூட்டைகளைச் சுமந்துவரும் குதிரைக்காரர்களும் இவ்வாறே தார்ப்பாய்க்கடியில் கம்பளி போர்த்துப் படுத்து, படுத்த மறுகணம் குறட்டை விட்டனர். அந்தக் குறட்டை எவருக்கும் இடையூறாக இல்லை. மேய்ந்துகொண்டிருந்த குதிரைகளின் கழுத்துமணி இரவெல்லாம் ஒலித்தது. அதுவும் இடையூறாக இல்லை. குதிரை தன் மணியோசை பிறருக்குக் கேட்கக் கூடாதே என்று கவலைப்பட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பதில்லை என்பதே இதற்குக் காரணமாகலாம்.

இனி நிறத்துக்கு வருவோம். பனியாறு மலைச்சரிவில் நகரும்போது அடியிலுள்ள பாறையை அரைத்து, மாவினும் நுண்ணிய தூளாக்குகிறது. பாறைமாவு என்று அறிஞர் வழங்கும் இத்தூள் கலந்த நீரில் ஒளி எவ்வாறு சிதறுகிறது என்பதும், கட்சார் போன்ற ஆகஸ்டிலும் பனிக்கட்டி மிதக்கக்கூடிய ஏரிக்கும் கிஷன்கங்கை ஆற்றுக்கு ஊற்றுக்கண்ணாகிய விஷன்சாருக்கும் இதில் என்ன வேறுபாடு என்பதும் விளக்கப்பட வேண்டியவை. இவற்றைச் சரியாகக் காண்பதற்கு உகந்த பொழுது, கதிரவனின் முதல் ஒளி நீரின்மேல் சாய்ந்து விழும் அதிகாலை. அதிகாலையில்தான் சூரியோதயக் குழுவினர் எழுகின்றனர். இவர்கள் இரவு முழுவதும் எழாமல் அமைதி காத்து, சரியாக நான்கு மணிக்கு, செல்பேசியின் அலாரத்தை மும்முறை அணைத்துவிட்டு, நான்காம் முறை எழுந்து, கேமரா பையின் ஜிப்பைத் தேடத் தொடங்குபவர்கள். கேமரா பைக்கு முதன்மை அறை ஒன்று, பக்க அறைகள் இரண்டு, மேலறை ஒன்று, மழையுறைக்கு அடியறை ஒன்று என ஐந்து ஜிப்புகள் உண்டு; பேட்டரி எப்போதும் ஐந்தாவதில் இருக்கும். அவர்கள் புறப்பட்டுச் சென்றபின் நிலவும் அமைதியில் உறக்கம் வந்துவிடுவதால், நிறமாற்றத்தைக் குறித்த நேரடிக் குறிப்புகள் எவையும் எடுக்கப்படவில்லை. அவர்கள் எடுத்த படங்களிலோ, ஏரியின் நிறம் செல்பேசியிலுள்ள செயலியின் விருப்பத்தைச் சார்ந்ததாக இருந்தது.

உற்பத்தியாளர்களிடம் முறையிடலாம் என்ற கருத்து முன்வைக்கப்படுகிறது. ஒட்டுப்பட்டை ஜிப்புக்கு மாற்றாகாது. ஒருமுறை கிழித்தால் பள்ளத்தாக்கே விழித்துக்கொள்ளும். காந்தம் காற்றுக்கு நிற்காது. பித்தானைக் குளிரில் விறைத்த விரல்களால் போடுவதற்குள் விடிந்துவிடும். ஜிப்பைவிடச் சிறந்த கதவு கூடாரத்துக்கு இதுவரை கிடைக்கவில்லை என்பதை, மனமில்லாவிட்டாலும், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனவே திருந்த வேண்டியது கருவியன்று, கை.

அடுத்த பருவத்தில் அப்பக்கம் செல்லவிருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரவில் எழ நேர்ந்தால் எழுங்கள். அது உடலின் உரிமை. ஆனால் அருகில் படுத்திருப்பவர்மீது இரக்கம் காட்டாதீர்கள். துணி மடிப்பை இடக்கையால் விலக்கிப் பிடித்து, ரன்னரை வலக்கையால் பற்றி, அடியிலிருந்து முடி வரை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு வெளியேறுங்கள். தூங்குகிறீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள்.